சட்டத்தின் ஆட்சி ஏற்றுமதி ஆகுமா?

ஜூலை 4, 2025

குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "ஜூலை 1ஆம் தேதியோடு யுஎஸ்எய்ட் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம்) கதை முடிந்தது. ஏழை நாட்டுக்குக் கோர்ட்டு கட்டித் தருகிறோம், நீதிபதிக்குப் பயிற்சி தருகிறோம், சட்டம் எழுதித் தருகிறோம் என்று இத்தனை வருஷமாகக் கொட்டிய பணம் எல்லாம் வேஸ்ட்தானே? வெளியிலிருந்து போய் ஒரு நாட்டில் சட்டத்தின் ஆட்சியை நட்டு வைக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஜூலை 4, இரவு

பாதி உங்கள் கட்சிதான் நானும்.

ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். தாலிபான் ஆட்சி விழுந்ததும், அடுத்து யார் ஆள்வது என்று 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருஷம் வேலையைப் பங்கு பிரித்தார்கள். ராணுவம் அமெரிக்காவுக்கு, போலீஸ் ஜெர்மனிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரிட்டனுக்கு, நீதித்துறை இத்தாலிக்கு. கல்யாண வீட்டில் பந்தல் பெரியப்பாவுக்கு, பந்தி சித்தப்பாவுக்கு என்று பிரித்துவிட்டு, பொண்ணு மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காத மாதிரி. 2004இல் இடைக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒன்று வந்தது. அதை எழுதியதில் இத்தாலிக்காரர்கள் கைதான் அதிகம், அந்தச் சட்டத்தை வைத்து வழக்கு நடத்த வேண்டிய ஆப்கன் நீதிபதிகளின் கை குறைவு. அமெரிக்கத் துறைகள் மட்டும் 2003இலிருந்து இந்தத் தலைப்பில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. அதனால் என்ன விளைந்தது என்று முழுசாகக் கணக்குச் சொல்ல முடியவில்லை என்று 2015இல் அவர்களுடைய சொந்தத் தணிக்கை அமைப்பே அறிக்கை கொடுத்தது.

அதே காலத்தில் கிராமத்தில் நிலத் தகராறு வந்தால் ஜனங்களில் பலர் போனது தாலிபான் காஜியிடம் (மத நீதிபதியிடம்). பக்தி மட்டும் காரணம் இல்லை. அரசுக் கோர்ட்டில் கையில் காசு வைக்காமல் வழக்குக் கட்டு நகராது, நகர்ந்தாலும் தீர்ப்பை நிறைவேற்ற ஆள் கிடையாது. தாலிபான் தீர்ப்பு சீக்கிரம் வந்தது, வந்ததை மீற எவனுக்கும் தைரியம் இல்லை. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது.

அப்புறம் 2021 ஆகஸ்ட், தாலிபான் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அதற்குள் அந்த நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் இருந்தார்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. அவர்கள் சிறைக்கு அனுப்பிய ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், இவர்கள் ஒளிய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் படித்து நாற்காலியில் உட்கார்ந்ததில் வெளிநாட்டுப் பணத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் பாதிக் கட்சி என்றேன். மொத்தமும் வேஸ்ட் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 5

"இத்தாலிக்கு எதற்குக் கொடுத்தார்கள்?" என்று கேட்டவருக்கு: எனக்கும் அதே சந்தேகம்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் கட்சிக்காரருக்கு இழப்பீடு தருவதற்கென்றே 2001இல் தனிச் சட்டம் போட்ட நாடு அது. அனுபவம் பார்த்துக் கொடுத்திருப்பார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விடவில்லை, கரன்ட் வந்து வந்து போகிறது, அதனால் இன்று கொஞ்சம் நீளம்.

நல்ல கோர்ட்டு, நல்ல நீதிபதி, நல்ல சட்டம், இந்த மூன்றும் வந்துவிட்டால் சட்டத்தின் ஆட்சி வந்துவிடும் என்பதுதான் இந்த உதவிக்காரர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்க காபூல் வரை போக வேண்டாம், நீலகிரியில் எங்கள் கூடலூர் வந்தால் போதும்.

இந்திய அரசியல் சட்டம் படிக்கிற எந்தப் பையனும் தாண்டிப் போக முடியாத இரண்டு வழக்குகள் எங்கள் மண்ணில் முளைத்தவை. ஒன்று கோதவர்மன் திருமுல்பாட் வழக்கு. கேரளத்து நிலம்பூர் கோவிலகத்துக்காரர் (பழைய அரச குடும்பம்), கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டுக்குள் மர அறுவை மில்லை நிறுத்தியது. வழக்கை முடிக்காமல் திறந்தே வைத்து, அதிலிருந்து வருஷக்கணக்காக உத்தரவு மேல் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்று ஐ.ஆர். கொயிலோ வழக்கு. 2007 ஜனவரி 11, ஒன்பது நீதிபதிகள். அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைக்குள் ஒரு சட்டத்தைப் போட்டுப் பூட்டிவிட்டால் கோர்ட்டு தொட முடியாது என்று அரசாங்கம் நினைத்திருந்ததை உடைத்த தீர்ப்பு. 1973 ஏப்ரல் 24க்குப் (கேசவானந்த பாரதி வழக்கில் அடிப்படைக் கட்டமைப்புத் தீர்ப்பு வந்த நாள்) பிறகு உள்ளே போட்ட சட்டம், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை இடித்தால் செல்லாது. அந்த வழக்குக்கு மூலம் எது தெரியுமா? 1969 கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். ஜென்மம் என்றால் ஜமீன் மாதிரிப் பரம்பரை நில உரிமை. எங்கள் காலடி நிலம்.

உலகத்தில் எந்த நாட்டு நிபுணரைக் கூட்டிவந்து காட்டினாலும், இவ்வளவு சுதந்திரமான நீதித்துறையா என்று எழுந்து நின்று கைதட்டுவார்.

சரி. அந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்ட ஜென்ம நிலத்தைப் பற்றியது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர் ஜென்ம நிலத்தில் எது காடு, எது எஸ்டேட், எது குடியானவனுக்கு என்று பிரித்து முடிவு சொல்வதற்குள் வழக்கு மேல் வழக்கு, தலைமுறை மாறிவிட்டது. நடுவில் அந்த நிலத்தில் வீடு கட்டி, காப்பி நட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் கரன்ட் கனெக்‌ஷனுக்குப் போய் நிற்க முடியாது. "செக்‌ஷன் செவன்டீனா, பார்க்கலாம்" என்பதுதான் எந்த ஜன்னலிலும் பதில். ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி மேடையிலும் இந்தப் பதினேழு வரும், ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்விடும்.

ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து பேசிய அதே சட்டத்தின் கீழ் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஜூலை 6, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வக்கீல் அண்ணன் போன் போட்டுத் திட்டினார். "கோர்ட்டே வேண்டாம் என்கிறாயா? அந்த 1996 உத்தரவு இல்லையென்றால் இன்றைக்கு ஓவேலியில் மரம் இருக்குமா?" இருந்திருக்காது. கோர்ட்டு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன். கோர்ட்டு மேலே நன்றாக இருந்தால் கீழே ஜன்னலும் தானாக நன்றாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இடிக்கிறது. அவரும் கடைசியில், எக்ஸிகியூஷன் மனுவில் (வந்த தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு) தானே எத்தனை வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று புலம்பிவிட்டுத்தான் வைத்தார்.

ஜூலை 9

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஒரு திட்டத்தில் நானும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம். மலைக்கிராமங்களில் சட்ட விழிப்புணர்வு. ஊட்டியில் ஹோட்டல் ஹாலில் தொடக்க விழா, பை, பேனா, வர்க்கி, டீ. கிராமத்துக்குப் போனால் மூன்று விஷயம் கட்டாயம்: வருகைப் பதிவில் கையெழுத்து, பேனர் முழுசாகத் தெரிகிற மாதிரி போட்டோ, வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு படிவம். "உங்கள் உரிமைகள் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்? 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுக."

பணியர் பழங்குடிப் பாட்டி ஒருவர் காலையிலேயே 5 போடச் சொல்லிவிட்டார். ஏன் பாட்டி என்றால், "கொறச்சுப் போட்டா உன்னையத்தான் ஏசுவாங்க" என்றார். சாயங்காலம் அதே படிவத்தைக் கொண்டுபோனேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 2 என்றார். காட்டு உரிமைச் சட்டம் 2006லேயே வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். இவ்வளவு இருக்கிறது, யாரும் சொல்லவே இல்லையே என்பதுதான் அந்த 2. என்னைக் கேட்டால் அந்த வருஷம் நாங்கள் எடுத்த அளவீட்டிலேயே உண்மையானது அது ஒன்றுதான். அறிக்கையில் மதிப்பெண் இறங்குவதற்குக் கட்டம் கிடையாது, அலுவலகத்தில் அந்தப் படிவத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் உருப்படியாக ஒன்று நடந்தது, அது திட்டத்திலேயே இல்லாதது. எங்களோடு வேலை பார்த்த ஒரு அக்கா, குடும்பத்துக்கு ஒரு பிரவுன் கவர் என்று போட்டு வைத்திருந்தார். உள்ளே மனுவின் ஜெராக்ஸ், அதன் மேல் குத்திய ஒப்புகைச் சீட்டு, வந்த பதில். பதில் எப்போதும் ஒரே வரி: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக வட்டாட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது." கவரின் முதுகில் பென்சிலால் தேதி, யாரைப் பார்த்தோம், அவர் என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார். வி.ஏ.ஓ. மாறினால், புது வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார்ந்த வாரமே கவரோடு போய் நிற்பார். சண்டை கிடையாது, குரல் உயர்த்த மாட்டார். "சார், போன சார் மார்ச்சில் அளக்க வரேன்னு சொல்லியிருந்தாங்க, இதோ தேதி." அவ்வளவுதான். சாதிச் சான்றிதழே வராமல் கிடந்த குடும்பங்களுக்கு அந்தக் கவரால் சான்றிதழ் வந்தது, பையன்கள் ஹாஸ்டலில் சேர்ந்தார்கள். திட்டம் முடிந்ததும் அவருக்குச் சம்பளம் நின்றது. கவர்கள் கொஞ்ச காலம் ஓடின, அப்புறம் நின்றன.

ஜூலை 10

கோத்தகிரி நண்பர் எழுதுகிறார்: "உன் அக்கா மாதிரி ஆளுக்குச் சம்பளம் கொடுக்க எந்த வெளிநாட்டுக்காரன் வருவான்?" வந்திருக்கிறார்கள்.

சியரா லியோன். உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தது. வக்கீல்கள் மிகக் குறைவு, இருந்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும் தலைநகர் ஃப்ரீடவுனில். கிராமத்தில் வழக்கமாக நியாயம் சொல்வது ஊர்த்தலைவரும் உள்ளூர் நீதிமன்றமும். 2003இல் டிமாப் என்ற அமைப்பு தொடங்கியது. வெளிநாட்டு நிதிதான், ஆனால் அவர்கள் கோர்ட்டு கட்டவில்லை. அந்தந்த ஊர் ஆட்களுக்கே பாராலீகலாக (வக்கீல் அல்லாத சட்ட உதவியாளராக) பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். புருஷன் பிள்ளைக்குச் செலவுக்குத் தரவில்லை, போலீஸ் காரணம் சொல்லாமல் அடைத்து வைத்திருக்கிறது, தலைவர் அபராதம் அதிகமாகப் போட்டுவிட்டார், இந்த மாதிரி வழக்குகள். பேசித் தீர்ப்பது, கூடவே நடப்பது, முடியாவிட்டால் மட்டும் வக்கீல். 2012இல் அந்த நாட்டுச் சட்ட உதவிச் சட்டமே பாராலீகலை ஏற்றுக்கொண்டது. வெளியாள் பணத்தில் தொடங்கி, உள்ளூர் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்த கதை இது. இந்தத் தலைப்பில் இப்படி முடிந்த கதைகள் நிறைய இல்லை.

கட்டடம் திறந்து வைத்தால் ரிப்பன் வெட்டலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். கவர் வைத்திருக்கிற அக்காவுக்கு என்ன ரிப்பன்?

ரிப்பன் என்றதும் ஞாபகம் வருகிறது. நாமும் சும்மா இல்லை. காபூலில் ஆப்கன் நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது இந்தியா. 2015 டிசம்பர் 25 அன்று பிரதமர் போய்த் திறந்து வைத்தார். கட்டடம் இருக்கிறது, நாடாளுமன்றம்தான் இல்லை.

ஜூலை 13

இரண்டு நாளாக நெட் இல்லை, தேவாலா பக்கம் மரம் விழுந்து கேபிள் போச்சு. அதற்குள் இந்த இழையில் (கேள்வி பதில் தொடரில்) பச்சைத் தேயிலை விலை பற்றி நாற்பது பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன், எனக்கும் அரை ஏக்கர் இருக்கிறது.

ஒரு தம்பி கேட்டது முக்கியமானது: "பிரிட்டிஷ்காரன் சட்டத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டுத்தானே போனான்? நமக்கு வேர் பிடிக்கவில்லையா?"

பிடித்தது தம்பி. அவன் சட்டம் நட்ட இலங்கையையும் பார். எங்கள் அப்பா அங்கே ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1948இல் இலங்கைக்குச் சுதந்திரம், அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர் அநேகமாக எல்லோருக்கும் குடியுரிமை போச்சு, தொடர்ந்து ஓட்டும் போச்சு. யாரும் துப்பாக்கி எடுத்து வரவில்லை. நாடாளுமன்றம் முறைப்படி நிறைவேற்றியது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், இலங்கை உச்ச நீதிமன்றம் விசாரித்தது, மேல்முறையீடு அப்போது கடைசிக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, 1953இல் அங்கேயும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளை விக் வைத்த வக்கீல்கள், வாதம், எதிர்வாதம், எழுத்துபூர்வமான தீர்ப்பு, எதிலும் குறை சொல்ல முடியாது. ஏற்றுமதித் தரம். அந்தத் தரத்தில்தான் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதி. அப்பாவின் கணக்கு இந்தியப் பக்கம் விழுந்தது, அதனால் நான் ஹட்டனில் இல்லாமல் இங்கே மழையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். இங்கே வந்து டான்டீயில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டமே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வந்ததுதான்.

ஆக, கோர்ட்டு ஒழுங்காக நடப்பது வேறு, ஜனங்களுக்கு நியாயம் கிடைப்பது வேறு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜூலை 13, மாலை

மேலே இலங்கையைத் திட்டி முடித்தாயிற்று, நல்லதையும் சொல்ல வேண்டும். 1988இல் அங்கே மத்தியஸ்த சபைச் சட்டம் வந்தது, 1990இலிருந்து சபைகள் நடக்கின்றன, இன்றைக்கு முன்னூறுக்கும் மேல். ஊரில் மரியாதை உள்ள ஓய்வுபெற்ற வாத்தியார், தபால்காரர் மாதிரி ஆட்கள், சம்பளம் கிடையாது, விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து சின்னக் கடன், வேலித் தகராறு, அடிதடி கேட்கிறார்கள். யார் மத்தியஸ்தம் செய்வது என்பதில் இரண்டு கட்சிக்கும் பேச்சு உண்டு. ஏசியா ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு பயிற்சிக்கு நீண்ட காலம் உதவியது. சட்டம் அந்த நாடு போட்டது, ஆட்கள் அந்த ஊர்க்காரர்கள், வெளிநாட்டுப் பணம் பின்னால் இருந்தது. கண்டியில் இருக்கிற என் சித்தி மகள் ஒரு நகைக் கடன் விஷயத்தில் போயிருக்கிறாள். கடன்காரி பாதி கொடுத்தாள், பாதி கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் வக்கீல் ஃபீஸ் அந்தப் பாதியைத் தின்றிருக்கும் என்கிறாள்.

ஊர்க் கூட்டத்தைப் பற்றி நமக்கும் தெரியும், அதனால் ரொம்பப் பாட வேண்டாம். பெரிய மனிதர்களுக்குள் சண்டை என்றால் அழகாகத் தீர்த்துவிடுவார்கள். புகார் சொல்வது ஒரு மருமகள், எதிர்க்கட்சி அந்தப் பெரிய மனிதரின் பங்காளி என்றால் அப்போது தெரியும் லட்சணம்.

ஜூலை 15

குன்னூர்க்காரர் விடமாட்டேன் என்கிறார்: "எல்லாம் சின்ன வழக்கு. பெரிய திருடனைப் பிடிக்க வெளியாள் உதவ முடியுமா?"

குவாத்தமாலா. 2006 இறுதியில் ஐ.நா.வோடு ஒப்பந்தம் போட்டு 2007இல் ஒரு ஆணையம் வந்தது. தனி நீதிமன்றம் இல்லை. அந்த நாட்டு அரசு வழக்கறிஞர்களோடு தோளோடு தோள் உட்கார்ந்து, அந்த நாட்டுக் கோர்ட்டிலேயே வழக்கு நடத்த வேண்டும். 2015இல் சுங்கத்துறையில் நடந்த கொள்ளையைத் தோண்டினார்கள். நூல் மேலே மேலே போய், ஜனாதிபதி ஓட்டோ பெரெஸ் மொலினா செப்டம்பரில் ராஜினாமா செய்து உள்ளே போனார். வாரா வாரம் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. அடுத்துத் தேர்தலில் ஜெயித்து வந்த ஜனாதிபதி ஜிம்மி மொரலெஸ், முன்னாள் காமெடி நடிகர், "திருடனும் இல்லை, ஊழல்காரனும் இல்லை" என்று ஓட்டுக் கேட்டவர். ஆணையம் அவர் பக்கமும் திரும்பியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2019 செப்டம்பரில் மூட்டை கட்டினார்கள். கூடவே உழைத்த உள்ளூர் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பலர் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது. வெளியாளுக்கு விமான டிக்கெட் இருக்கிறது, உள்ளூர்க்காரன்தான் மாட்டுவான். இந்த உதவித் தொழிலில் யாரும் சத்தமாகச் சொல்லாத விஷயம் அதுதான்.

அத்தோடு முடியவில்லை. 2023 தேர்தலில் ஊழலை எதிர்த்து நின்ற அரேவலோ ஜெயித்தார். அரசு வழக்கறிஞர் அலுவலகமே அவரைப் பதவியேற்க விடாமல் வழக்கு மேல் வழக்குப் போட்டது. அக்டோபரில் டொடொனிகாபான் பழங்குடி ஊர்ச் சபைகள் முன்னால் நின்று சாலைகளை மறித்தார்கள், அந்த அலுவலக வாசலில் மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் உட்கார்ந்தார்கள். 2024 ஜனவரியில் அவர் பதவியேற்றார். ஆணையம் போய் நாலு வருஷம் கழித்து, அதன் வேலையைச் சபைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆணையம் வராமல் இருந்திருந்தால் அவர்கள் அப்படி உட்கார்ந்திருப்பார்களா? உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், அந்தச் சபைகள் ரொம்பப் பழையவை. ஆனால் ஜனாதிபதியே ஜெயிலுக்குப் போக முடியும் என்று 2015இல் கண்ணால் பார்த்தது சும்மா போகாது.

ஜூலை 16

கொடைக்கானலில் இருந்து ஒரு சகோதரி தெர்மாமீட்டர் ஆலையை ஞாபகப்படுத்துகிறார். நியாயம். வெளிநாட்டுக்காரன் சட்டம் சொல்லித் தருகிறான் என்று பேசுகிறோம், அவன் கம்பெனி இங்கே எப்படி நடந்தது என்று பேசவில்லை. நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் இருந்த ஆலையை 1980களில் கழற்றிக் கொண்டுவந்து பழனி மலையில் வைத்தார்கள். பிறகு அது யூனிலீவர் கைக்குப் போனது. 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்த பிறகு ஆலை நின்றது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு சமரசம் 2016இல். பதினைந்து வருஷம். கோர்ட்டு, ஊர், வெளியூர், வெளிநாட்டில் கம்பெனி பெயர் கெடும் என்ற பயம், எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கையெழுத்து விழுந்தது. அந்தப் பயம் லண்டனில் இருந்தது. நமக்குக் கோர்ட்டு கட்டித் தருவதைவிட, அவனவன் ஊர்க் கம்பெனியை அவனவன் ஊரிலேயே கேள்வி கேட்கிற மாதிரி வைத்தால் அதுவே பெரிய உதவி. சகோதரி, நீங்களே தனியாக எழுதுங்கள், என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஜூலை 19

குன்னூர்க்காரருக்கு: உங்கள் "வேஸ்ட்" பட்டியலில் தொடக்க விழா, பை, பேனா, யாருக்கும் புரியாத மொழியில் எழுதிய நடைமுறைச் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மார்ச்சிலேயே யுஎஸ்எய்டின் 83 சதவீதத் திட்டங்களை ரத்து செய்துவிட்டதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிவித்தாரே, அந்த வெட்டில் யார் முதலில் போயிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஹோட்டல் ஹாலில் பேசிய ஆலோசகருக்கு வேறு ஹால் கிடைக்கும்.

இங்கேயும் அதே நிலைமைதான். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதம் தாண்டக் கூடாது. சென்னையில் பெரிய அமைப்பு வாங்கி மலையில் இருக்கிற சின்னச் சங்கத்துக்குக் கொடுத்தது நின்றுவிட்டது. கணக்கில் தப்பு செய்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அக்கா மாதிரி ஆளின் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 20

பந்தலூரிலிருந்து தனியாகக் கேட்ட அம்மாவுக்கு, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே: வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டு வளாகத்தில் தாலுகா சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், வெள்ளைத்தாளில் மனு போதும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஊட்டி போவதாக இருந்தால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், நடுவட்டத்துக்கு மேல் எப்போது மண் சரியும் என்று இந்த மாதத்தில் சொல்ல முடியாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, என் மனு இன்று யார் மேஜையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், முப்பது நாளில் சொல்லியாக வேண்டும். பழைய மனுக்களின் ஜெராக்ஸ் இருந்தால் எடுத்துக்கொண்டு புதன்கிழமை என் கடைக்கு வாருங்கள், தேதிவாரியாக அடுக்கித் தருகிறேன்.